முப்பத்தொரு நிமிடத்தில் ஒழிந்த அடிமை முறை

ஜுலைகாவுக்கு உட்கார்ந்தால் பாடம் வராது. எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கத் தொடங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. பெஞ்சுகளுக்கு நடுவே இதுவரை நடந்த நடையை நேர்க்கோட்டில் நடந்திருந்தால், பூந்தமல்லியில் கிளம்பி டெல்லியைப் பார்த்துவிட்டு, ஊர் பிடிக்கவில்லை என்று திரும்பியும் வந்திருப்பாள். அவளுடைய அத்தா பூந்தமல்லியில் மெத்தை தைத்தவர். "பஞ்சக்கூட அடைச்சி தெச்சிடலாம், இவள ஒரு எடத்துல தெச்சி வெக்க முடியாது" என்பது மகளுக்கு அவர் வழங்கிய சான்றிதழ். மற்ற சான்றிதழ்கள், அதாவது பத்தாவது, பன்னிரண்டாவது, பி.ஏ. வரலாறு, பி.எட்., நான்கும் கங்காதரனிடம் இருந்தன.

கங்காதரன் பள்ளியின் தாளாளர். வேலப்பன்சாவடியில் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பினால் பெரிய பெரிய கல்லூரிகளின் மதில்களுக்கு இடையில், கல்யாணக் கூட்டத்தில் சிக்கிய குழந்தை மாதிரி அந்தப் பள்ளி நிற்கும். அவருடைய அப்பா காலம்வரை அது நெல் வயல். பள்ளி தொடங்கிய இரண்டாம் வருடம், ஒரு ஜூலை மாதம், மூன்று ஆசிரியைகள் சொல்லாமல் கொள்ளாமல் வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து ஒரு வழக்கம்: வேலையில் சேருகிற நாளே அசல் சான்றிதழ்களை அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். அவை ஒரு பச்சை பீரோவில் உறங்கும். வேலையை விடும்போது, கங்காதரனுக்கு மனமிருந்தால், எழுப்பித் தருவார்கள். கேட்டால் இதற்குப் பெயர் பாதுகாப்பு.

"ஏரு ஓட்ன குடும்பம்மா நாங்க. கயிறு கையில இல்லன்னா மாடு யாருதுன்னே தெரியாம பூடும்" என்பார்.

இந்த உவமையில் மாடு யார் என்று எந்த ஆசிரியையும் கேட்டதில்லை. கேட்கக்கூடியவள் ஜுலைகா ஒருத்திதான். அவளும் அதுவரை கேட்கவில்லை, ஏனென்றால் அதுவரை அந்தக் காகிதங்கள் தேவைப்படவில்லை.

திங்கட்கிழமை இரண்டாம் பீரியடில் தேவைப்பட்டது. அரசுப் பள்ளி வேலைக்கு அவள் எழுதிய தேர்வில் பெயர் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் திருவள்ளூரில் சான்றிதழ் சரிபார்ப்பு. அசல்களோடு வர வேண்டும். வராதவர்களுக்கு இன்னொரு நாள் கிடையாது. செய்தியை நான்கு முறை படித்துவிட்டு, பலகையில் 'அக்பர்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'அசல்' என்று எழுதினாள். பிள்ளைகள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

இடைவேளையில் அலுவலகத்துக்குப் போனாள். பீரோவின் சாவி குமாஸ்தா ஏகாம்பரத்தின் இடுப்பில் இருந்தது. பதினாலு வருடமாக அவர் அதைச் சுமந்ததில் ஒரு பக்கம் சாய்ந்தே நடந்தார்.

"ஏகாம்பரம் சார், என் ஒரிஜினல் எல்லாம் வேணும். வெள்ளிக்கெழமைக்கு."

"இன்னாத்துக்குன்னு கேப்பாரு மிஸ். இன்னா சொல்லப் போறீங்க?"

"உண்மையத்தான் சொல்லணும்."

"ஐயய்ய! பாஸ்போட்டுக்குன்னு சொல்லுங்க. மெக்கா போறோம்னு சொல்லுங்க, சாமி விசயத்துல அவரு குறுக்க வர மாட்டாரு. உண்மைய சொல்லி இந்த பீரோலேந்து ஒரு பேப்பர் வெளிய வந்தது கெடையாது மிஸ்."

பொய் சொல்ல நிதானம் வேண்டும். அது ஜுலைகாவிடம் இல்லை. நேரே தாளாளர் அறைக்குப் போய், நின்றபடியே உண்மையைச் சொன்னாள்.

"சந்தோசம்மா! நம்ம ஸ்கூலுக்கே பெருமை" என்றார் கங்காதரன். பெருமை முகத்தில் வந்த வேகத்தில் போய்விட்டது. "ஆனா நடு வருசத்துல கீறோமே. சரி, வியாழக்கெழம விழா கீதுல்ல, அடிமை ஒழிப்பு நாளுக்கு? நகர நலச் சங்கத்துக்காரங்க மனிதநேயக் கேடயம் எடுத்துக்கினு வர்றாங்க. போன வருசம் ஆவடி பக்கம் ஒரு ஸ்கூலு தட்டிக்கினு பூட்ச்சி. பசங்களுக்கு ஒரு சரித்திரப் படம் போடறோம், அப்பறம் கேள்வி பதிலு. நீங்கதான் முன்ன நின்னு நடத்தறீங்க. அது முடியட்டும், அப்பறம் பாப்போம்."

தமிழில் 'முடியாது' என்பதற்கு ஆயிரம் வருடத்துப் பண்பாடு கண்டுபிடித்த வார்த்தை 'அப்புறம் பார்ப்போம்'. ஜுலைகாவுக்கு அது தெரியும். ஆனாலும் வியாழனுக்கும் வெள்ளிக்கும் நடுவில் ஒரு சாயங்காலம் இருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டு தலையாட்டினாள்.

"இன்னொண்ணும்மா. வெளிநாட்டு அடிமைன்னா எவ்ளோ வேணாலும் காட்டுங்க. நம்மூரு பேச்சு வேணாம். படியாளு, செங்கல் சூளைன்னு இழுத்துக்கினு வந்துடாதீங்க. பேரண்ட்ஸ்ல எல்லாரும் கீறாங்க."

எல்லாரும் என்றால், சூளை நடத்தியவர்களின் பேரன்களும் சூளையில் கல் அறுத்தவர்களின் பேத்திகளும் என்று பொருள். எட்டாம் வகுப்பு பி பிரிவில் அவர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே காம்பஸால் மாறி மாறிக் குத்திக்கொள்கிறார்கள்.

படத்தை ஜுலைகாவே தேர்ந்தெடுத்தாள். கப்பல் கப்பலாக மனிதர்களைக் கொண்டுபோய் விற்ற காலத்தையும், அதை நிறுத்தச் சிலர் ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டதையும் பற்றிய வெளிநாட்டுப் படம், தமிழ் வசனத்தோடு. இரண்டு மணி பத்து நிமிடம். கங்காதரன் வேகமாக ஓட்டிப் பார்த்துவிட்டு, வேண்டாத காட்சிகளுக்கு ஒரு பட்டியல் போட்டுக் கணினி ஆசிரியர் வினோத்திடம் கொடுத்தார். வினோத் ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுபவன். கை சுத்தமான ஆள்.

புதன்கிழமை கணினி அறையில் அவன் போட்டுக் காட்டினான்.

"சவுக்கு வேணாம்னாரு, தூக்கிட்டேன் மிஸ். ரத்தம் வேணாம்னாரு. கப்பலுக்கு அடியில சங்கிலி போட்டு அடுக்கி வெச்சிருப்பாங்கல்ல, அத பாத்தா எல்.கே.ஜி. பசங்க பயப்படும்னாரு."

"எல்.கே.ஜி. படம் பாக்கவே போறதில்லையே வினோத்?"

"நானும் அதான் கேட்டேன். 'பாத்துட்டா?'ன்றாரு."

"ஏலம் விடற சீனு?"

"அம்மா கையிலேந்து கொயந்தைய புடுங்கறாங்க மிஸ். கேடயம் குடுக்க வர்றவங்க மூடு அவுட்டாய்டும்னாரு. சர்ச்சுல பேசறது மதப் பிரச்சனை. விருந்துல பாட்டில் கீது. எல்லாம் போக முப்பத்தொரு நிமிசம் தேறிச்சி."

"இதுல அடிமைங்க எங்க?"

வினோத் தலையைச் சொறிந்தான். "ஒர்த்தர் கீறாரு மிஸ். பதினேழாவது நிமிசத்துல ஒரு தொரைக்கு கதவு தொறந்து உடறாரு."

மிச்சமிருந்தது தொப்பிகள், குதிரை வண்டிகள், நீளமான ஒரு சபை, "ஒழிப்போம்!" என்று மேசையைத் தட்டும் துரைமார்கள். ஒரு சபைக் காட்சி அடுத்த சபைக் காட்சியாக மாறும் இடத்தில் ரோஜா இதழ்கள் பறந்தன. பழக்க தோஷம் என்றான் வினோத்.

ஜுலைகா கணினி அறையை மூன்று சுற்றுச் சுற்றினாள். வேறு வாரமாக இருந்தால் தாளாளர் அறைக்கதவு இந்நேரம் அதிர்ந்திருக்கும். வரைபடம் வாங்கித் தரவில்லை என்று ஒருமுறை இந்தியாவையே தரையில் சாக்பீஸால் வரைந்து, கங்காதரனை வங்காள விரிகுடாவில் நிற்க வைத்துப் பேசியவள் அவள். இந்த வாரம் வாயைத் திறந்தால் வெள்ளிக்கிழமை உள்ளே இருந்துகொண்டு மூடிவிடுகிறது.

"இன்னாப்பா, வாயில கொய்க்கட்ட வெச்சிக்கினு கீற மாதிரி சுத்தற?" என்றாள் தமிழாசிரியை மோகனப்பிரியா, மதியச் சாப்பாட்டில். "வெள்ளிக்கெழம வரைக்கும் அப்டியே இரு. என்னுதும் ஒம்போது வருசமா அந்த பீரோலதான் கீது. நான் கேக்கறனா?"

"கேட்டிருக்கணும் மோகனா."

"கேட்டவ எங்க நிக்கறான்னு பாக்கறேனே" என்று அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டாள்.

வியாழக்கிழமை மழை. கூடத்தில் பிள்ளைகளும் குடைகளும் ஈரமாக உட்கார்ந்திருந்தன. முன்வரிசையில் சங்கத் தலைவர் வீராசாமி. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், மடியில் பட்டுத்துணி போர்த்திய கேடயம். பக்கத்தில் கங்காதரன். பின்னால் ஆசிரியைகள். வினோத் ஒரு கையால் படத்தை ஓடவிட்டு மறு கையால் பள்ளியின் பக்கத்துக்காக நேரலை எடுத்துக்கொண்டிருந்தான்.

படம் தொடங்கியது. துரைமார்கள் கத்தினார்கள். ஒருவர் கதவைத் திறந்துவிட்டார். ரோஜா பறந்தது. கடைசியில் நரைத்த தலையோடு ஒரு துரை எழுந்து நின்று கண்ணீர் விட, சபையே கை தட்ட, விளக்கு எரிந்தது. வரலாற்றில் நூற்றாண்டுகள் நீடித்த ஒரு கொடுமை, தொடங்குவதற்கு முன்பே ஒழிந்திருந்தது.

ஒத்திகையில் மூன்று கேள்விகளும் மூன்று பதில்களும் தயாராக இருந்தன. ஆனால் வீராசாமி ஒத்திகைக்கு வராதவர். அவரே ஒலிபெருக்கியை வாங்கி, "கண்ணுங்களா, படத்துல இன்னா புரிஞ்சிது?" என்று கேட்டுவிட்டார்.

நடு பெஞ்சிலிருந்து முஸ்தகீம் எழுந்தான். "சார், அந்த தாத்தா எதுக்கு அய்தாரு?"

"எலெக்சன்ல தோத்துட்டாரா சார்?" என்றது இன்னொரு குரல்.

"ஒழிப்போம் ஒழிப்போம்னாங்களே, எத சார் ஒழிச்சாங்க?"

"கொசுவ" என்றது ஒரு மூலை. கூடம் சிரித்தது.

கங்காதரன் திரும்பி ஜுலைகாவைப் பார்த்தார். சமாளி என்று அந்தப் பார்வைக்குப் பொருள். சமாளிக்கத்தான் அவள் எழுந்தாள். ஒத்திகைப் பதிலின் முதல் வரி நாக்கில்தான் இருந்தது. ஆனால் எழுந்தால் நடப்பாள், நடந்தால் பாடம் வரும். அது அவள் உடம்பின் கோளாறு. இரண்டாவது வரிசை தாண்டுவதற்குள், வினோத் வெட்டியதெல்லாம் அவள் வாயிலிருந்து வர ஆரம்பித்தது.

கப்பலின் அடித்தளத்தைச் சொன்னாள். இந்தக் கூடத்தின் பாதி அகலம், இங்கே இருப்பவர்களைப் போல இரண்டு பங்கு ஆட்கள், எழுந்து உட்கார உயரமில்லை, வாரக்கணக்கில். ஏலத்தைச் சொன்னாள். அம்மா ஒரு ஊருக்கு, பிள்ளை ஒரு ஊருக்கு. கொசு என்று சொன்ன மூலை முன்னால் நகர்ந்து உட்கார்ந்தது.

"இதெல்லாம் வெள்ளக்காரங்க ஊர்லதானே மிஸ்?" என்று அதீபா கேட்டாள்.

கங்காதரன் தொண்டையைக் கனைத்தார்.

"இங்கயும் இருந்துச்சும்மா. கப்பல் இல்ல, ஏலம் இல்ல. தலமொறை தலமொறையா ஒரு ஊட்டு வயல்லயே கெடந்தவங்க இருந்தாங்க. கல்லு அறுக்கற எடத்த விட்டு வெளிய போவக்கூடாதுன்னு வெச்சிருந்தாங்க. கொத்தடிமை முறைய ஒழிக்க நம்ம நாட்டுல சட்டம் வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறுல. உங்க தாத்தாங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும்."

கூடத்தில் சில பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள். எந்தத் தாத்தா என்று அவரவர்க்குத் தெரிந்திருக்கலாம்.

"சங்கிலி இல்லாம எப்டி மிஸ் நிக்க வெப்பாங்க? ஓடிட மாட்டாங்களா?"

"சங்கிலியே எதுக்கு? இந்தப் படத்துலயே ஒரு சீன் வரும், நீங்க பாக்கல. 'நீ சுதந்திர ஆளு'ன்னு ஒருத்தருக்கு ஒரு காகிதம் இருக்கும். அத எஜமான் எடுத்து மேஜைக்குள்ள வெச்சிப் பூட்டிடுவான். காகிதம் இல்லாம வெளிய போனா எவனும் புடிச்சிக்கலாம். ஆளக் கட்ட வேண்டியதில்ல. காகிதத்தப் பூட்டினாப் போதும்."

ஏகாம்பரத்தின் மகள் ஜெயப்பிரியா கையைத் தூக்கினாள். முதல் பெஞ்சு, முதல் மதிப்பெண், வீட்டில் பேசுவதையெல்லாம் மனப்பாடம் செய்யும் பெண்.

"மிஸ், உங்க காகிதம்கூட எங்கப்பா பீரோலதான கீது? நீங்க கேட்டுக்கூட சார் குடுக்கலன்னு எங்கப்பா சொன்னாரு. அப்ப நீங்களும் அடிமையா மிஸ்?"

கதவோரம் நின்ற ஏகாம்பரம் கதவைப் பிடித்துக்கொண்டார். மழை கூரைத் தகரத்தில் கொட்டியது. அத்தனை முகமும் ஜுலைகாவைப் பார்த்தன. இல்லை என்று சொன்னால் சாயங்காலம் அசல் கிடைக்கலாம். நாளைக் காலை திருவள்ளூர். ஒரே ஒரு 'இல்லை'. அதில் பொய்கூட இல்லை, அதுதான் வேடிக்கை.

"இல்லம்மா" என்றாள். கங்காதரனின் தோள் இறங்கியது. "நான் அடிமை இல்ல. நாலு மணிக்கு ஊட்டுக்குப் போறேன். என் புள்ளைய யாரும் விக்க முடியாது. அவங்க பட்டத என்னோடத வெச்சி அளந்தா அவங்களுக்கு அவமானம்."

நிறுத்தியிருக்கலாம். கால் நிற்கவில்லை.

"ஆனா என் காகிதத்த இன்னொருத்தர் பூட்டி வெக்கறது தப்பு. அது தப்புன்னு சொல்ல நான் அடிமையா இருக்கணும்னு அவசியம் இல்ல."

வீராசாமி மெல்லத் திரும்பினார். "இன்னா கங்காதரன், டீச்சருங்க சர்ட்டிபிகேட்லாம் நீங்க வெச்சிக்கினா கீறீங்க?"

கங்காதரன் எழுந்தார். வினோத்தின் கைப்பேசி இன்னும் தூக்கியபடியே இருந்தது; பாவம், நேரலையை நிறுத்த மறந்துவிட்டதாகத்தான் அவன் பிறகு சொன்னான்.

"வெக்கறதா? பாதுகாப்பு சார்! மழ, வெள்ளம், கரையான். யாரு வேணா எப்ப வேணா எடுத்துக்கலாம். இன்னிக்கே எடுத்துக்கலாம். ஏகாம்பரம்! கேக்கறவங்களுக்கு குடுய்யா!"

கூடம் கை தட்டியது. வீராசாமி நெகிழ்ந்துபோனார். இப்படித் தன்னையே கேள்வி கேட்க மாணவர்களை அனுமதிக்கும் நிர்வாகத்தைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்று பேசி, கேடயத்தைக் கங்காதரனின் கையில் கொடுத்தார். புகைப்படத்தில் கங்காதரன் சிரித்திருக்கிறார். கேடயம்தான் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.

நான்கு மணிக்கு ஏகாம்பரம் பீரோவைத் திறந்தார்.

"எம் பொண்ணு வாய மிஸ்... பாடத்தோட சேத்து எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணிடுது. நாளைக்கி எனக்கு சாவி கீதோ இல்லியோ." கோப்பை நீட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சார் உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு. 'எடுத்துக்கினு போறவ, திங்கக்கெழம வரணுமான்னு அவளே யோசிச்சிக்கட்டும்'னாரு."

நீங்க என்பது அவள் ஆகியிருந்தது. ஜுலைகா கோப்பைப் பிரித்து நான்கையும் விரலால் தொட்டு எண்ணினாள். பி.எட். பட்டத்தின் ஓரம் பழுப்பேறியிருந்தது. கையெழுத்துப் போட்டாள்.

அவளுக்குப் பின்னால் நான்கு ஆசிரியைகள் வரிசையில் நின்றார்கள். இரண்டு பேர் வாங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார்கள். மூன்றாவது மோகனப்பிரியா. ஒன்பது வருடம் கழித்துத் தன் பட்டத்தைக் கையில் வாங்கினாள். உறையின் மேல் ஒட்டியிருந்த போட்டோவில் இருந்த இரட்டைச் சடைப் பெண்ணைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு மடித்து உறைக்குள் போட்டு, ஏகாம்பரத்திடமே நீட்டினாள்.

"உள்ள வெச்சிடுங்க சார்."

"ஏய் மோகனா, இன்னா பண்ற? எடுத்துக்கோ!" என்றாள் ஜுலைகா.

"எடுத்துக்கினு?"

"அது உன்னோடது."

"நீ நாளைக்கி திருவள்ளூரு போற. நான் நாளைக்கி ரெண்டாவது பீரியடு ஏழாங்கிளாஸ் போவணும். யாரெல்லாம் எடுத்தாங்கன்னு அவரு நோட்ட பாப்பாரு ஜுலைகா." குரலில் கோபமில்லை, அதுதான் உறுத்தியது. "நல்லா பேசுன. பசங்க அய்துட்டாங்க. நானும்தான். ஆனா பேசிட்டு நீ போய்டுவ."

நான்காவதாக நின்றவள் இதைக் கேட்டுவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்து, வரிசையை விட்டு நகர்ந்தாள். ஏகாம்பரம் பீரோவைப் பூட்டினார்.

சொல்ல ஒரு பதில் கிடைக்கும் என்று ஜுலைகா வாசல்வரை தேடினாள். பூந்தமல்லி வரும்வரை ஷேர் ஆட்டோவிலும் தேடினாள். வீட்டில் கணவன் ஷவுகத் அலி, அம்பத்தூர் எஸ்டேட் லேத்து பட்டறையில் இருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தவன், கோப்பைப் பார்த்துவிட்டு, "வாங்கிட்டியா! அப்பறம் ஏன் மூஞ்சி இப்டி கீது?" என்றான். 

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கே திருவள்ளூரில் இருந்தாள். நாற்பத்தொன்றாம் எண். அலுவலகத்தின் நீளமான நடைக்கூடத்தில், அதே பெஞ்சில் பக்கத்தில் நாற்பத்திரண்டாம் எண், ஆக்னஸ் என்று பெயர், குத்தம்பாக்கம் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு எடுப்பவள். அவளுக்கு அந்தப் பக்கம் சீருடை போட்ட ஒரு ஆள், மடியில் ஒரு கோப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்க வீட்டுக்காரரா?" என்று ஜுலைகா கேட்டாள்.

"எங்க ஸ்கூல் பியூனுங்க. என் சர்ட்டிபிகேட்டு அவருகிட்டதான் கீது. ஆபீசர்கிட்ட காட்டிட்டு அவரே திரும்ப எடுத்துக்கினு போவணுமாம். ஒரு மணிக்குள்ள என் நம்பரு வரலன்னா அவரு கெளம்பிடுவாரு." அவள் பியூனைப் பார்த்து, "அண்ணாத்தே, அதுல டிகிரி சர்ட்டிபிகேட் மேல வெச்சீங்களா?" என்றாள்.

"வெச்சிக்கீறேன்மா, கைய வெக்காத" என்றார் அவர். பிறகு ஜுலைகாவிடம், "நானா இன்னாம்மா பண்றது? எனக்கும் மேல ஆளு கீது" என்றார்.

வரிசை ஊர்ந்தது. பன்னிரண்டே முக்காலுக்கு உள்ளிருந்து "நாப்பத்தொண்ணு!" என்று கூப்பிட்டார்கள். ஆக்னஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். பியூன் செருப்பை மாட்டினார்.

"இவங்கள மொதல்ல பாத்துடுங்க சார், நான் அப்பறம் வர்றேன்" என்றாள் ஜுலைகா.

ஆக்னஸும் அவளுடைய சான்றிதழும் தனித்தனி ஆளாக உள்ளே ஓடினார்கள். பெஞ்சு காலியானது. ஜுலைகா கோப்பை மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு மணிக்கு அவள் எங்கும் போக வேண்டியதில்லை. கங்காதரன் யோசிக்கச் சொன்னதை யோசித்தாயிற்று; திங்கட்கிழமை காலையிலும் எங்கும் போக வேண்டியதில்லை. பெயர் வந்தவர்கள் எல்லாருக்கும் வேலை கிடைப்பதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். அந்த நீளமான நடைக்கூடத்தில் அவளை எதிர்பார்த்து யாரும் இல்லை, மடியில் இருப்பதைத் திருப்பிக் கேட்கவும் யாரும் இல்லை.

மறுபடியும் அவள் எண்ணைக் கூப்பிட்டபோது, அவள் கோப்போடு அந்த நடையின் மறுகோடியில் நடந்துகொண்டிருந்தாள்; குரல் கேட்டதும் அப்படியே திரும்பினாள்.